மேல் இருக்கையில் மாமியார்

சின்னப்பிசின் என்று பட்டப்பெயர் வாங்கியவள் குழைத்த கலவையை இடியின் முதுகில் அப்பினால் வானம் “ட” என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். “மார்” பூமிக்கு வந்து சேராது. இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். இடிக்கு முதுகு எந்தப் பக்கம் என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்காததால் அவளால் அதைச் செய்துகாட்ட முடியவில்லை. மற்றபடி, சத்தத்தை அடக்கும் வித்தையில் அந்தப் பட்டறையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வேலைக்கு அங்கே இருந்ததே அவள் ஒருத்திதான் என்பது வேறு விஷயம்.

பட்டறை, டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே, சந்து வளைகிற இடத்தில் இருந்தது. குழாயில் ஓடும் தண்ணீரைச் சத்தத்தால் அளக்கிற மீட்டர்களுக்கு அங்கே சென்சார் செய்தார்கள். சென்சார் என்றதும் மிரள வேண்டாம். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய பீங்கான் வில்லை, அவ்வளவுதான். மின்சாரம் தொட்டால் வில்லை நடுங்கும். அந்த நடுக்கம், மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியாகத் தண்ணீருக்குள் பாயும். குழாயின் எதிர்ப்பக்கத்தில் சாய்வாக உட்கார்ந்திருக்கும் ஜோடி வில்லை அதைக் கேட்டுவிட்டுத் தன் பங்குக்குத் திருப்பிச் சொல்லும். ஓட்டத்தோடு போகிற சத்தம் முந்தும், எதிர்த்து வருகிற சத்தம் பிந்தும். இந்த இம்மி வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். தண்ணீர் நின்றிருந்தால் முந்துவதும் இல்லை, பிந்துவதும் இல்லை. சுழிதான், அதாவது பூஜ்யம்தான், வர வேண்டும்.

தொல்லை எங்கே என்றால், வில்லை வாயைத் திறந்தால் லேசில் மூடாது. தட்டிவிட்ட வெண்கலப் பாத்திரம் போல அதிர்ந்துகொண்டே இருக்கும். தன் பேச்சே அடங்காதபோது எதிராளியின் பதில் எங்கே காதில் விழப்போகிறது? அதற்காக வில்லையின் முதுகில், கனத்த உலோகத் தூளைப் பிசினில் குழைத்து அப்புவார்கள். அது நடுக்கத்தைக் குடித்துவிடும். அந்தக் குழைக்கிற வேலைதான் சின்னப்பிசினுடையது. விரலிடுக்கில் எப்போதும் பிசின் ஒட்டியிருக்கும். கைகொடுத்தால் கையைத் திரும்பப் பெற நேரமாகும்.

சின்னப்பிசின் என்று ஒருத்தி இருந்தால் பெரியபிசின் என்று ஒருத்தி இருக்க வேண்டுமே. இருந்தாள். சின்னவளின் மாமியார். அவளும் வேதியியல் படித்தவள், அதே மேசையில் அதே கரண்டியால் குழைத்தவள். மகனுக்கு வேதியியல் படித்த பெண்ணே அமைந்ததும், வீட்டுக்கு வந்த மறுமாதமே பட்டறைக்கும் கூட்டிவந்துவிட்டாள். “வீட்ல இருந்தா என்கிட்ட சண்டை போடுவா. இங்க வந்தா சம்பளம் வாங்கிட்டு சண்டை போடட்டுமே” என்பது அவள் நியாயம். அப்படியே நடந்தது. தூள் எவ்வளவு, பிசின் எவ்வளவு, எத்தனை முறை கிளற வேண்டும் என்பதெல்லாம் பகலில் பட்டறையில் சண்டை, மாலையில் அதே சண்டை அடுப்படியில். நடுவில் அகப்பட்ட மகன், மின்தூக்கி பழுதுபார்க்கிற மெக்கானிக், “நான் நாள் முழுக்க மாடிக்கும் தரைக்கும் நடுவுல தொங்குறேன். வீட்டுக்கு வந்தும் தொங்கணுமா?” என்று அங்கலாய்ப்பான்.

பெரியபிசினின் கலவை குளிர்ந்த தண்ணீரில் குறையே சொல்ல முடியாதது. வெந்நீரில்தான் வினை. சலவை ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் கொதிநீர்க் குழாயில் பொருத்தினால் ஒரு வருஷத்துக்குள் பிசின் இளகி, மீட்டர் வாய்க்கு வந்ததை உளற ஆரம்பித்தது. வெந்நீரைத் தாங்கும் புதுக் கலவை வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் நச்சரித்தார்கள். அதைச் சின்னவள் கையில் எடுத்த சமயம் பெரியவள் நெஞ்சுச்சளியோடு படுக்கையில் இருந்தாள்.

முதல் மாதிரி உறைந்ததும் சின்னவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். பாராட்டு வாங்கத்தான். கிழவி அதை நகத்தால் கீறிப் பார்த்தாள். மருந்துக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் பேசுதுடி.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே அத்தை.”

“உனக்கு எப்படிக் கேக்கும்? உன் காது உன் வாய்க்குப் பக்கத்துலல்ல இருக்கு.”

சின்னவள் மாதிரியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாளிலிருந்து கிழவி மூச்சுவிடவே சிரமப்பட்டாள்; தொழிலைப் பற்றிப் பேச்சு எழவில்லை. பிறகு ஒரு விடியலில் அவள் எழுந்திருக்கவும் இல்லை. ஆக, இத்தனை வருஷப் பேச்சில் சின்னவளின் காதில் கடைசியாக ஒட்டியது ‘இன்னும் பேசுதுடி’ என்ற இரண்டே வார்த்தை. பிசினாவது கரைப்பானில் கரையும். இது எதிலும் கரையவில்லை.

பட்டறையின் பின்பக்கம் சோதனை அறை. அதன் நீளத்துக்கு ஒரு குழாய், படுக்கைவாட்டில், இரண்டு முனையும் தட்டுப்போட்டு முடுக்கி, உள்ளே நிறைந்த தண்ணீர். போக வழியில்லை, வர வழியில்லை. அந்தக் குழாயில் சென்சார் ஜோடிகள் உட்கார இரண்டு இடம் உண்டு. மேல் இருக்கையில் உட்கார்ந்த ஜோடியின் சத்தம் குழாயின் மேல்பாதியில் மட்டும் பாயும். நடு இருக்கையின் சத்தம் மேலிருந்து கீழ்வரை குறுக்கே ஊடுருவும். பெரியபிசின் செய்ததிலேயே மிகச் சிறந்த ஜோடி மேல் இருக்கையில் நிரந்தரமாக இருந்தது. புதிதாகச் செய்கிற ஒவ்வொரு ஜோடியையும் நடுவில் உட்காரவைத்து, மேலே உள்ளது சொல்வதோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால் தேர்ச்சி. எந்தப் புதுசு வந்தாலும் ஏதாவது குறை சொல்வதால் அந்த மேல் ஜோடிக்கு ‘மாமியார்’ என்று பெயர் விழுந்தது. பெரியபிசினே அந்தப் பெயரைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தவள். அவள் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் பெயர் போகவில்லை. மாமியாரை இருக்கையிலிருந்து எழுப்புவதும் கிடையாது. தூசி துடைக்கிறவர்கூடச் சுற்றித்தான் துடைப்பார்.

சின்னவள் விடாப்பிடியாகக் கலவையைத் திருத்தினாள். பெருந்தூளின் சந்துகளில் நுண்தூள் போய் அடைத்துக்கொள்ளும்படி இரண்டையும் கலந்தாள். குமிழியெல்லாம் வெளியேறக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சினாள். மாமியாரின் பிசின் தானாகவே இறுகிவிடும்; இவளுடையதோ காலையிலிருந்து மாலைவரை மின்னடுப்பில் மெல்லிய சூட்டில் இருந்தால்தான் இறுகும். வெந்நீரில் ஊறப்போட்டுப் பார்த்தாள். இளகவில்லை. அடுத்த கலவையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அந்தப் புது ஜோடியை நடு இருக்கையில் பொருத்தினாள்.

சுழி வந்தது. அப்பழுக்கில்லாத சுழி. துள்ளிக் குதிக்கப் போனவள் மேல் இருக்கையின் எண்ணைப் பார்த்தாள். அங்கே சுழி இல்லை. மூடிக்கிடக்கிற குழாயில், நிற்கிற தண்ணீரில், ஏதோ ஓடுகிறது என்றது மாமியார். குழாயடியில் கசிகிற அளவு மெல்லிய ஓட்டம்.

முனைகளை முடுக்கிப் பார்த்தாள், கம்பிகளை மாற்றினாள், மீட்டரை அணைத்துப் போட்டாள். மறுநாள் வேறு வேலையில் இருந்தாள். மாமியார் சுழி காட்டியது. அதற்கடுத்த நாள் மறுபடி கலவை குழைத்து அடுப்பில் ஏற்றினாள்; மதியத்துக்குள் எண் ஏறிவிட்டது. பிறகும் அப்படியே. இவள் குழைக்காத நாளில் கிழவி வாய் திறப்பதில்லை. இவள் கலவை அடுப்பேறிய நாளில் பேசாமல் இருப்பதில்லை.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்பார்கள். இந்தப் பேய்க்கு உச்சிவெயில் போதுமாக இருந்தது. சாப்பாட்டு வேளையில் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். அச்சகத்து எந்திரமும் நின்றுபோகும். ஜன்னல் கம்பியின் நிழல் குழாயின்மேல் விழுந்திருக்கும். சின்னவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு எண்ணையே பார்த்திருப்பாள். அது குதிக்காது, துடிக்காது. மூட்டுவலிக்காரி படியேறுகிற மாதிரி, நின்று நின்று, ஒவ்வொன்றாக ஏறும். ஏறுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டதாகக்கூட அவளுக்குத் தோன்றும். திரும்பிப் பார்த்தால் சுவரும், சுவருக்கு அந்தப்புறம் முணுமுணுக்கிற அடுப்பும்தான். ‘இன்னும் பேசுதுடி.’ பேசுவது கலவையா, கலவையைப் பழித்தவளா?

“உங்க வீட்டு விஷயம், நான் தலையிடக்கூடாது” என்றார் வெட்டுக்காரர். வைர வாளால் பீங்கானை வில்லை வில்லையாக அறுத்துத் தருகிறவர். பெரியவள் காலத்து ஆள். “ஆனா பொறாமைம்மா அது. மருமக அடுப்புல எது வெச்சாலும் மாமியாருக்கு மூக்கு வேர்க்கும்ல?”

“செத்தவங்களுக்கு ஏதுண்ணே மூக்கு?”

“மூக்குதான் போச்சு. குணம் எங்க போகும்?”

விஷயம் ஜீரோ சாரிடம் போனது. பரிசோதனைப் பிரிவின் தலைவரான அவர் வாயில் “ஜீரோ வருதா?” என்பதைத் தவிர வேறு கேள்வி வராது, அதனால் அந்தப் பெயர். இரண்டு எண்களையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரே தண்ணிம்மா. ஒண்ணு ஓடுதுங்குது, ஒண்ணு நிக்குதுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய். உன்னது பொய்ன்னா கலவையக் கொட்டிட்டு வேற வேலையப் பாரு. அது பொய்ன்னா அறுத்துப் பாத்துரலாம். உள்ள பிசின் விட்டுப்போயிருந்தா தெரிஞ்சுரும். நீயே சொல்லு.”

நியாயமான பேச்சுதான். அதில்தான் மாட்டிக்கொண்டாள். கலவை தோற்றால் அத்தனை உழைப்பும் குப்பைக்குப் போகும். கிழவியின் கடைசித் தீர்ப்பு நிலைத்துவிடும். கலவை ஜெயிக்க வேண்டுமானால் கிழவியின் கையால் ஆனதில் பட்டறையில் மிஞ்சிய அந்த ஒரே ஜோடியை வாளுக்குக் கொடுக்க வேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடையப்போகிற குடமே மாமியார்.

அன்று மாலை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள். அவன் கை நுரையோடு நின்றுவிட்டது.

“எங்கம்மாவ அறுக்கப் போறியா?”

“உங்கம்மா இல்லைங்க. பீங்கானும் பிசினும்.”

“அப்புறம் எதுக்கு உனக்குக் குரல் நடுங்குது?”

அவள் ஈரத் தட்டை வாங்கித் துடைத்தாள்.

“அவங்க இருந்தப்ப உங்க ரெண்டு பேருக்கும் நடுவர் வேலை பாத்தே எனக்கு முடி கொட்டிப்போச்சு” என்றான். “இப்பவும் என்னையே கேக்குற. சரி, ஒண்ணு சொல்லு. அது பொய் சொல்லுதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியும்.”

தெரியாது. ஆனால் தினமும் மதியம் அந்த எண் படியேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க இனி அவளால் முடியாது. அறுத்துப் பார்த்து, உள்ளே ஒரு விரிசல், ஒரு குமிழி இருந்துவிட்டால், காதுக்குள் ஒலிக்கிற குரலும் விரிசல் விட்டுப்போகும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையைத்தான் நிச்சயம் என்று சொல்லிக்கொண்டாள்.

மாமியாரை இருக்கையிலிருந்து எழுப்பியது அவள்தான். வேறு யாரும் தொட வரவில்லை. வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. இரண்டில் ஒன்றை வெட்டுக்காரரின் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிடிப்பானில் இறுக்கி, நீரைச் சொட்டவிட்டு, வாளை இறக்கினார். வாள் கீச்சிட்டது. எல்லாச் சத்தத்தையும் அடக்கத் தெரிந்தவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பாதி பாதியாகப் பிளந்து வந்தது. வெட்டுக்காரர் துடைத்து நீட்டினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பீங்கானோடு பிசின் ஒட்டிய இடம் கோடு கிழித்தாற்போல் இருந்தது. மற்றதெல்லாம் ஒரே சீரான சாம்பல் நிறம். விரிசல் இல்லை. குமிழி இல்லை. ஊசி நுழைய ஓட்டை இல்லை.

“என்னம்மா?” என்றார் வெட்டுக்காரர்.

“ஒண்ணும் இல்லண்ணே.”

“ஒண்ணும் இல்லன்னா?”

“ஒண்ணுமே இல்ல.”

ஜீரோ சார் உதட்டைப் பிதுக்கினார். “வயசாச்சு, வெளிய தெரியாது. போகட்டும். மேல் இருக்கை காலியா கெடக்கக் கூடாது. உன் ஜோடிய அங்க ஏத்து. இனிமே அதை வெச்சே ஒப்பிட்டுக்கலாம்.”

அவள் தன் ஜோடியை நடுவிலிருந்து கழற்றி, வட்டத் தடத்தின்மேல் உட்காரவைத்து முடுக்கினாள். சுவருக்கு அந்தப்புறம் அடுப்பில் காலையில் ஏற்றிய கலவை வெந்துகொண்டிருந்தது. மீட்டரைப் போட்டார்கள். முதலில் எல்லாருக்கும் பிடித்த அந்தச் சுழி. ஜீரோ சார் “ஆங்” என்று திரும்பி நடந்தார். அவர் வாசலை எட்டுவதற்குள் எண் அசைந்தது. கழற்றி மாட்டியதில் கலைந்த தண்ணீர் அடங்க அடங்க, நின்று நின்று, ஒவ்வொன்றாகப் படியேறியது. ஏறி, எந்த எண்ணில் மாமியார் வழக்கமாக நிற்குமோ அதே எண்ணில் வந்து நின்றது.

வெட்டுக்காரர் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். இது சின்னவள் குழைத்த பிசின், அவள் ஒட்டிய வில்லை. நடு இருக்கையில் பணிவாகச் சுழி சொன்ன அதே ஜோடி. மேலே போய் உட்கார்ந்ததும் மாமியாரின் பேச்சையே பேசுகிறது.

எண்ணைக் கிட்டே பார்க்கக் குனிந்தவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை சுட்டது என்று சொல்ல முடியாது, இதமாக இருந்தது. காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி. கையை நகர்த்திக்கொண்டே மறுமுனைவரை போனாள். அங்கே சில்லென்றிருந்தது. திரும்பி வந்தாள். குழாயின் ஒரு முனை சுவரை உரசிக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப்புறம் அடுப்பு.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். கலவை பாழாகும் என்று யாரோ கத்தியது காதில் விழவில்லை. வந்து குழாயின் முன் தரையில் உட்கார்ந்தாள். சுவர் ஆற ஆற எண் இறங்கியது. சாயங்காலத்துக்குள் சுழியில் வந்து படுத்தது.

தண்ணீர் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சூடேறிய முனையில் எழுந்து, குழாயின் மேல்பாதி வழியாகப் போய், குளிர்ந்த முனையில் இறங்கி, கீழ்ப்பாதி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. மூடிய வீட்டுக்குள்ளேயே ஒருத்தி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பதுபோல. மேல் இருக்கைக்கு அந்தப் போக்கு மட்டும் தெரிந்தது. நடு இருக்கையின் சத்தம் போவதையும் வருவதையும் சேர்த்துக் கடந்ததால், ஒன்றை ஒன்று கழித்துச் சுழி என்றது. மாமியாரும் பொய் சொல்லவில்லை, மருமகளும் பொய் சொல்லவில்லை. அறுப்பதற்கு முன் இருவரையும் ஒருமுறை இடம் மாற்றி உட்காரவைத்திருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை. மூத்தவளை எழுப்பிக் கீழே உட்காரச் சொல்வது எப்படி என்ற மரியாதைதான். அந்த மரியாதை அவளை வாளுக்குக் கொடுத்தது.

ஜீரோ சார் கலவைக்கு அனுமதி கொடுத்தார். வெந்நீர்க் குழாய்களில் அது இன்றும் உழைக்கிறது. அடுப்பைக் கட்டடத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். கணவனிடம் அவள் நடந்ததைச் சொன்னபோது அவன் திட்டவில்லை. “அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க, இல்ல?” என்று மட்டும் கேட்டான். அதற்குத் திட்டியே இருக்கலாம். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மேல் இருக்கையில் இப்போது அவளுடைய ஜோடிதான். புதிதாக வந்த பெண்கள் அதை ‘மாமியார்’ என்கிறார்கள். முதல்முறை கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது, பிறகு பழகிவிட்டது. அடுப்பு இடம் மாறிய நாளிலிருந்து நின்ற தண்ணீர் நின்ற தண்ணீராகவே இருக்கிறது. குழாய் வாய் திறந்ததே இல்லை. சின்னப்பிசினும் சாப்பாட்டு வேளையில் மற்றவர்களோடு வெளியே போய் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

இந்தக் கதையை இப்படி நல்லபடியாக முடித்து நான் வாசித்துக் காட்டினால், எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வெட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை.

“கடைசில இருக்கறது மட்டும் சரியில்லம்மா. அடுப்ப மாத்துன பெறகும் என்னைக்காவது ஒரு மத்தியானம் அது ஏறத்தான் செய்யுது. சுவரத் தொட்டுப் பாத்தோம், ஜன்னல அடைச்சுப் பாத்தோம், ஒண்ணும் புடிபடல. அவளும் எங்கயும் வெளிய போறதில்ல. அங்கயே குழாய்க்கு முன்னால உக்காந்து, ‘சரிங்கத்தை’ன்னு சொல்லிட்டு, சோத்தப் பெசஞ்சு சாப்பிட ஆரம்பிக்கிறா.”